அந்த வெள்ளை மேகமா, பனியா?

தை பிறந்தால் பவானி சுற்றுவட்டாரத்தில் மஞ்சள் வேகும் வாசம் வர ஆரம்பித்துவிடும். வேகவைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பினால் பத்துப் பதினைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். நடுவில் ஒரு மழை நனைத்தால் நிறம் மங்கும். நிறம் மங்கினால் ஈரோட்டில் விலையும் இறங்கும். அதனால் எங்கள் பெரியம்மா தினமும் போனில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் காபி போடுவார்.

போன வாரம் என்னைக் கூப்பிட்டார். "ஏங் கண்ணு, காஷ்மீருக்கு மேல மூணு நாளா வெள்ளையா நிக்குதே, அது எறங்கி இங்க வந்துருமா?"

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. மூன்று நாளாக ஒரே இடத்தில், ஒரே உருவத்தில் நிற்பது மேகம் இல்லை. அது இமயமலையில் விழுந்து கிடக்கும் பனி.

பெரியம்மா ஏமாந்ததில் தப்பே இல்லை. இந்த வெள்ளை எல்லோரையும் குழப்பும். நம் இன்சாட் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருந்து அரை மணிக்கு ஒரு முறை படம் எடுக்கின்றன. பகலில் எடுக்கும் சாதாரணப் படம் என்பது பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளிதான். புதுப் பனியும் அடர்ந்த மேகமும் அந்த ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும். அதனால் இரண்டுமே வெள்ளை.

பிரித்துப் பார்க்க என்ன வழி?

முதல் வழி, பெரியம்மா தெரியாமலேயே சொன்னது. வானிலைத் துறையின் இணையதளத்தில் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்க்கலாம். மேகம் நகரும், கலையும், உருமாறும். பனி அசையாது.

இரண்டாவது, உருவம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பனி மலை முகடுகளில் தங்கும். கீழே பள்ளத்தாக்குகள் கறுப்பாக, இலை நரம்பு மாதிரி கிளை பிரிந்து தெரியும். மேகத்துக்கு அந்த ஒழுங்கு கிடையாது. கீழே இருக்கும் மலையையே மூடிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மார்கழி, தை மாதங்களில் பஞ்சாப் முதல் பீகார் வரை சமவெளியில் மூடுபனி படரும். வடக்கே போகும் ரயில்களை மணிக்கணக்கில் தாமதமாக்குவது இதுதான். படத்தில் இமயமலைப் பனிக்கு அடியிலேயே இன்னொரு வெள்ளைப் பட்டையாகத் தெரியும். இதுவும் சீக்கிரம் நகராது. ஆனால் வழவழப்பாக, தட்டையாக இருக்கும். வெயில் ஏற ஏற ஓரத்தில் இருந்து கரைந்து உள்ளே சுருங்கும். உண்மையில் இது தரையில் படுத்திருக்கும் மேகம். நாம் தமிழில் எல்லாவற்றையும் 'பனி' என்று சொல்லிவிடுகிறோம்!

மூன்றாவது வழி விஞ்ஞானிகளுடையது. 2013-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டி-யின் கேமரா ஆறு விதமான அலைவரிசைகளில் படம் எடுத்தது. அடுத்து வந்த 3டிஆர், 3டிஎஸ் இரண்டும் அப்படியே. அதில் ஒன்று, சுமார் 1.6 மைக்ரான் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்குத் தெரியாது. பனிக்கட்டித் துகள்கள் இந்த ஒளியை விழுங்கிவிடும். மேகத்தின் நீர்த்துளிகள் திருப்பி அனுப்பும். ஆக, அந்தப் படத்தில் மேகம் வெள்ளையாகவே இருக்க, பனி கறுத்துவிடும். மிக உயரத்து மேகங்களில் ஐஸ் துகள்கள் இருப்பதால் அவை கொஞ்சம் ஏமாற்றும். அப்போது வெப்பப் படத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். உயரத்து மேகம் பனித்தரையைவிடக் குளிர்ந்திருக்கும்.

வெப்பப் படம் என்றதும் இன்னொன்று. விடியும் முன் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் படம்தான். அதில் வெள்ளை என்றால் குளிர் என்று அர்த்தம், மேகம் என்று அல்ல. மேகமே இல்லாத இமயமலையும் தை மாத இரவில் வெளுத்துத்தான் தெரியும். விடிந்த பிறகு பகல் படத்தையும் ஒருமுறை பாருங்கள்.

இத்தனை மெனக்கெடல் எதற்கு? சட்லெஜ், செனாப் போன்ற நதிகளுக்குக் கோடையில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு உருகும் பனிதான். மேகத்தைப் பனி என்று கணக்கில் சேர்த்தால், இல்லாத தண்ணீரை இருப்பதாக நம்பி ஏமாற வேண்டியதுதான். நம் பவானிக்கும் காவிரிக்கும் அந்தச் சொத்து கிடையாது. நமக்கு மழைதான் முதல். ஊட்டியில் உறைபனி கொட்டினாலும் அது புல் மேல் படியும் மெல்லிய படலம். வெயில் வந்தால் போயிற்று.

பெரியம்மாவிடம் இன்னொன்றும் சொன்னேன். குளிர்காலத்தில் காஷ்மீருக்கு வரும் மேகங்கள் மேற்கில் இருந்து கிழக்காகப் போகிறவை. அங்கிருந்து தெற்கே இறங்கி நம் களத்தை நனைக்க வராது. தை மாதத்தில் நமக்கு மழை வந்தால் அது பெரும்பாலும் வங்கக் கடல், இலங்கைப் பக்கம் இருந்துதான். கண் அங்கே இருக்கட்டும். வானிலை மையத்தின் அறிவிப்பையும் பாருங்கள்.

நேற்று அவரே கூப்பிட்டார். "அது அங்கியேதான் நிக்குது கண்ணு. பனிதான்."

தார்ப்பாயை மடித்துவிட்டாராம். ஆனாலும் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் வைத்திருக்கிறார்.