மூட்டைக்காக சைலன்சரை அறுக்கலாமா?

மோட்டார் சைக்கிளில் லடாக் போன்ற தூரதேசங்களுக்கு யாத்திரை புறப்படும் இளைஞர்களில் சிலர், பின்சக்கரத்தின் இருபுறமும் பெட்டிகளைச் சமமாக மாட்ட வேண்டுமென்ற ஆசையால், அந்த இடத்தை அடைத்து நிற்கும் சைலன்சரை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் அறுத்துக் குட்டையாக்கிக் கொள்கிறார்கள். கூடாரமும் கம்பளி உடையும் உபரி பெட்ரோலும் சுமந்து செல்ல வேண்டிய அவர்களுடைய சிரமம் மெய்யானதே. சேற்றையும் ஓடைகளையும் கடப்பதற்காகக் குழாயை உயர்த்தி அமைத்த வண்டிகளில், அந்தப் பக்கத்துப் பெட்டி வெளியே தள்ளி நிற்பதும் உண்மைதான். ஆயினும் அவர்கள் கைக்கொள்ளும் உபாயம் தகாதது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

சைலன்சர் வெறும் தகரக்குழாய் அன்று. எஞ்சினிலிருந்து வெடித்து வரும் வாயுவின் வேகத்தை அதனுள் இருக்கும் தடுப்புகளும் அறைகளும் தணித்து ஓசையை அடக்குகின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதிகள் அமலான பின் வந்த வண்டிகளில், இடம் வண்டிக்கு வண்டி மாறுபட்டாலும், அந்தக் குழாய் வரிசையில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒன்று அமர்ந்து, கார்பன் மோனாக்ஸைடு முதலிய விஷவாயுக்களை மாற்றி அனுப்புகிறது. ஆக்ஸிஜன் சென்சார் ஒன்று எரிபொருளின் அளவைச் சீர்செய்யத் துணைபுரிகிறது. இவற்றைக் கண்ணால் காணாத கை, எதை வெட்டுகிறோம் என்று அறியாமலே வெட்டிவிடுகிறது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில், ஓசை, புகை விதிகளை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவோருக்கு, முதற் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க 190-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் தண்டனைக்கு அஞ்சி விலகுவதைக் காட்டிலும் உயர்ந்த காரணம் ஒன்று உண்டு: பெட்டி மாட்டும் சௌகரியம் பிரயாணிக்கு, அதனால் எழும் இரைச்சலும் நச்சுப்புகையுமோ, வழிநெடுகிலும் உள்ள கிராமத்துக் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும். தன் சுமையின் ஒரு பகுதியைக் கேளாமலே பிறர்மேல் ஏற்றுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. குழாய்க்கு இடம் விட்டு உட்புறம் வெட்டிய சிறு பெட்டியை அந்தப் பக்கத்தில், உஷ்ணத்தைத் தடுக்கும் தகட்டோடு மாட்டலாம். அதில் லேசான துணிகளை மட்டும் வைத்து, கனமானவற்றை மறுபக்கத்துக்கே தள்ளிவிடாமல், டாங்க் பையிலும் ஓட்டுபவரை ஒட்டியும் தாழ்வாக வைக்க வேண்டும். பின்அச்சுக்கு அப்பால் பாரம் ஏறினால் முன்சக்கரம் லேசாகி வண்டி தள்ளாடும். சைலன்சரை எஞ்சினுக்கு அடியில் அமைக்கும் முறையும் உண்டெனினும், கற்பாதையில் அது அடிபடக்கூடும்.

ஆகையால் நெடும்பயணத்துக்கென்று வண்டி விற்கும் கம்பெனிகள், சைலன்சரின் அமைப்புக்கேற்ற பெட்டிகளையும் அவற்றை மாட்டும் சட்டத்தையும் தாமே வடிவமைத்து, பாரம் ஏற்றிப் பரிசோதித்து, நியாயமான விலையில் வண்டியோடு சேர்த்தே அளிக்க வேண்டும். அதுவரை பட்டறைக்காரர்கள் சைலன்சரை அறுக்க மறுத்து, பெட்டியை வெட்டிக் கொடுக்க முன்வரட்டும்.