தடிப்பெல்லாம் பெரிய வியாதியா?

மூக்கின் மேல் செந்நிறத் தடிப்பு. காது மடலில் சிறு சிறு கட்டிகள். அரிப்பு இல்லை, வலி இல்லை. ஆனால் மாதக்கணக்கில் மறைவதும் இல்லை. இப்படி ஒருவரைக் கண்டால் லயத்துக் குழாயடியில் எழும் பேச்சு என்ன? "பெரிய வியாதி" என்பதுதான். அன்றே தட்டு தனி, குவளை தனி, பாய் தனி. பெண் பிள்ளை என்றால் வந்த வரனும் திரும்பிப் போய்விடும். 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்ட காலத்து அச்சம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

அன்பு வாசகர்களே, அதே தோற்றத்தில் வேறொரு நோயும் வருவதுண்டு. அதன் பெயர் சார்கோய்டோசிஸ். 'தசை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். 1899இல் நார்வே நாட்டு டாக்டர் சீசர் போக் தோல் கட்டிகளுக்கு இட்ட பெயரே இதற்கு வழிகாட்டியது. 1873இல் டாக்டர் ஹன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டதும் அதே நார்வேயில்தான்.

நம் உடலைக் காக்கும் அணுக்கள் தேவையின்றி ஓரிடத்தில் திரண்டு முடிச்சுகளாகிவிடுவதே இந்நோய். ஏன் அப்படித் திரள்கின்றன என்பதை மருத்துவ உலகம் இன்னும் முழுதாகக் கண்டறியவில்லை. பெரும்பாலும் நுரையீரலில் வரும். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தோலிலும் வரும். பழைய தழும்பு, பச்சை குத்திய இடம் ஆகியவற்றிலும் தடிப்பு எழலாம். இது ஒட்டுவாரொட்டி அன்று. ஒரே தட்டில் உண்டாலும் ஒரே பாயில் படுத்தாலும் தொற்றாது. கருவாடு, கத்தரிக்காய் தின்றதால் வந்ததுமன்று.

இது நமக்குப் புதிய நோயுமன்று. 1957இலேயே சென்னையில் டாக்டர் ஆர். வி. ராஜமும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைப் பற்றி எழுதினார்கள். சிங்கப்பூரின் தேசியத் தோல் நிலைய மருத்துவர்கள் 25 நோயாளிகளின் விவரத்தை 2005இல் வெளியிட்டார்கள். இந்திய வம்சாவளியினரிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டதாக 2007இல் வந்த சிங்கப்பூர் ஆய்வு ஒன்று கூறுகிறது.

தொழுநோய்ப் படையில் பெரும்பாலும் உணர்ச்சி மங்கிவிடும். இதில் பொதுவாக உணர்ச்சி இருக்கும். ஆயினும் கண்ணால் பார்த்து முடிவு கட்டலாகாது. தோல் காசநோயும் இதே வேடத்தில் வரும். மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துண்டுத் தோலை எடுத்துச் சோதிப்பதே வழி. அச்சோதனைக்கு அஞ்சாதீர்கள்.

1988இல் தொடங்கிய தேசியத் தோல் நிலையம், தேக்காவிலிருந்து அதிகத் தொலைவில்லாத மண்டலே சாலையில் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்கள் முதலில் பலதுறை மருந்தகத்தில் காட்டிக் கடிதம் பெற்றுச் சென்றால் சலுகைக் கட்டணம் கிடைக்கும். ஜொகூர் பாலம் தாண்டி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அச்சலுகை இல்லை. அவர்கள் இங்குள்ள அரசாங்க மருந்தகத்தில் காட்டித் தோல் நிபுணருக்குக் கடிதம் கேட்கலாம்.

நோய் இதுதான் என்று உறுதியானால் கவனிக்க வேண்டியவை:

1. தோலோடு நிற்காதீர்கள். மார்பு எக்ஸ்ரே, கண் பரிசோதனை, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் அளவு, இருதயப் பதிவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. கடையில் விற்கும் சிவப்பழகுக் களிம்புகளைப் பூசாதீர்கள். சிலவற்றில் கலந்துள்ள ஸ்டீராய்டு மருந்து தோலை மெலியச் செய்துவிடும். டாக்டர் தரும் களிம்பை அவர் சொன்ன அளவில் பூசுங்கள்.

3. பிரெட்னிசலோன் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் உண்ணுங்கள். முகம் தெளிந்துவிட்டதென்று திடீரென நிறுத்துவது ஆபத்து. நீரிழிவுள்ளவர் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே கேடு. பிள்ளை பெறும் எண்ணமுள்ளவர்கள் முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

5. கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளையும் மீனெண்ணெயையும் கேட்காமல் சாப்பிடாதீர்கள். இந்நோயில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

கண் சிவந்து பார்வை மங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, படபடத்து மயக்கம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பலருக்கு இந்நோய் சில ஆண்டுகளில் தானே அடங்கிவிடும். கெண்டைக்கால் முன்புறம் வரும் வலியுள்ள சிவப்புக் கட்டிகள் சில வாரங்களில் மறைவதுண்டு. மூக்கில் வருவதுதான் பிடிவாதக்காரன், பொறுமை வேண்டும்.

சோதனையில் தொழுநோய் என்றே வந்தால்? அப்போதும் பாயைப் பிரிக்க வேண்டாம். 1981 முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்து வரும் கூட்டு மருந்தால் அது முற்றிலும் குணமாகும். மருந்து தொடங்கியதும் பிறருக்குத் தொற்றும் ஆபத்தும் விரைவில் நீங்கிவிடும்.

ஆகவே எந்த நோயானாலும் நோயாளிக்குத் தேவை டாக்டரின் மருந்தும் வீட்டாரின் அன்பும்தான். அடுத்த வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் குழாயடிப் பேச்சை நிறுத்துங்கள். அவரைக் கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.