"ஒண்டுமில்லை" எண்டால் நோவும் இல்லையா?

ஏ.எல். சோதினைக்கு முந்தின வருசம் முழுக்க எனக்கு வயித்து நோ. சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முறுக்கத் தொடங்கும். இரத்தம் சோதித்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள், கமரா விட்டும் பார்த்தார்கள். எல்லாம் நோர்மல். "ஒண்டுமில்லைப் பிள்ளை, சோதினைப் பயம்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் அதே கதைதான். கடைசியில் எனக்கே சந்தேகம்: நான்தான் நடிக்கிறேனோ?

பிறகுதான் வேறொரு டொக்டர் அதற்கு ஐ.பி.எஸ். என்று பெயர் சொன்னார். கமரா குடலின் உட்சுவரைக் காட்டும். அந்தச் சுவருக்குள் ஓடும் நரம்பு என்ன பாடுபடுகிறது என்று காட்டாது.

குடல் சுவரில் மாஸ்ட் கலங்கள் என்ற காவல்காரர் இருக்கிறார்கள். இவர்கள் கையிலிருக்கும் ஆயுதங்களில் ஒன்று ஹிஸ்டமின். தும்மலும் தோல் கடியும் வரச்செய்யும் அதே சாமான்தான். ஐ.பி.எஸ். உள்ளவர்களின் குடலில் இந்தக் கலங்கள் நரம்புக்கு மிக அருகே கூடுதலாக நிற்கின்றன, அப்படி நிற்க நிற்க நோவும் கூடுகிறது என்று 2004இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2016இல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் இன்னும் உள்ளே போனார்கள். ஹிஸ்டமின், நரம்பிலுள்ள எச்-1 வாங்கியில் ஒட்டுகிறது. உடனே ரி.ஆர்.பி.வி.1 என்ற இன்னொரு வாங்கி கூர்மையாகிறது. கொச்சிக்காய்க் காரத்தை எங்களுக்கு உணர்த்துவது இதுதான். பிறகு சாதாரணமாகக் குடல் அசைந்தாலும், கொஞ்சம் காற்று நிறைந்தாலும் நரம்பு "நோகுது" என்று கத்தும்.

அப்போ மனதுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. மன அழுத்தத்தில் சுரக்கும் ஓமோன்களும் மாஸ்ட் கலங்களை உசுப்பும். என் சோதினைப் பயம் நோவைக் கூட்டியிருக்கலாம். ஆனால் பயம் கூட்டிய நோவும் நோதான். "எல்லாம் மனசு" என்பது பாதி உண்மை. அதைச் சொல்லிக் கதவைச் சாத்துவதுதான் பிழை. "கலியாணம் கட்டினால் சரியாகும்" என்று கேட்டுக் களைத்த பெண் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

இதை வாசித்துவிட்டு பார்மசிக்கு ஓடி அலர்ஜிக் குளிசை வாங்காதீர்கள். எபாஸ்டின் என்ற எச்-1 தடுப்பு மருந்து லூவன் பரிசோதனையில் நோவைக் குறைத்தது உண்மை. ஆனால் எல்லாருக்கும் அது கேட்பதில்லை. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவு, நித்திரையைக் குழப்பும் நோ என்றால் கட்டாயம் டொக்டரிடம் போங்கள்.

டொக்டர்மாரிடமும் அம்மா அப்பாமாரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். "ஒண்டுமில்லை" என்பதற்குப் பதிலாக, "நாங்கள் பார்த்த இடத்தில் ஒண்டும் தெரியேல்லை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் அண்டைக்குக் கிடைத்திருந்தால், நோவோடு சேர்த்து வெட்கத்தையும் நான் சுமந்திருக்க மாட்டேன்.