ஃப்ளூ என்னும் சொல்லும் ஒடுக்கத்துப் புதனும்

காய்ச்சலும் உடல்வலியும் கண்டால் ‘ஃப்ளூ’ என்கிறோம். ‘இன்ஃப்ளூயன்ஸா’ என்னும் இத்தாலியச் சொல்லின் குறுக்கம் இது. உள்ளே பாய்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. விண்மீன்களிலிருந்து ஏதோ ஒன்று பாய்ந்துவந்து மனிதரைப் பிணியில் ஆழ்த்துவதாக அக்கால ஐரோப்பியச் சோதிடர் நம்பினர்; அந்நம்பிக்கையே நோயின் பெயராயிற்று. 1743இல் இத்தாலியில் பரவிய கொள்ளைநோயின் செய்தியோடு இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தது. மனிதரைத் தாக்கும் அதன் வைரஸ் கண்டறியப்பட்டதோ 1933இல்தான்.

அப்படியாயின் இச்சொல்லைச் சொல்வது ஷிர்க் ஆகுமா என ஓதவரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. ஆகாது. இன்று அதைச் சொல்பவர் எவரும் விண்மீனை நினைப்பதில்லை.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அம்மரணத்துக்காகவே கிரகணம் பிடித்ததாக மக்கள் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் அது நிகழ்வதில்லை என, மகனை இழந்த அந்நாளிலேயே நபியவர்கள் திருத்தினார்கள். ஸஃபர் மாதத்தைப் பீடையாகக் கருதுவதையும் மறுத்தார்கள். நம் ஊர்கள் சிலவற்றிலோ, அம்மாதத்தின் ஒடுக்கத்துப் புதனன்று முஸீபத்துகள் இறங்குமென அஞ்சி, மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிக்கும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. இத்தாலியரின் விண்மீனுக்கும் நம்முடைய இந்தப் புதன்கிழமைக்கும் என்ன வேறுபாடு? மருத்துவம் செய்துகொள்ள ஏவிய நபியின் உம்மத்தினர் நாம். காய்ச்சல் கண்ட பிள்ளையை, அது ஒடுக்கத்துப் புதனாகவே இருப்பினும், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.