பலகைக்கு வலிக்காது

'ஷாம்பிள்ஸ்' என்று ஆங்கிலப் பத்திரிகைக்காரன் எழுதினால் அலங்கோலம் என்று அர்த்தம். கூட்டணி ஷாம்பிள்ஸ், பொருளாதாரம் ஷாம்பிள்ஸ். நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கியில் கணக்கு இடித்தால் அதிகாரி இதையேதான் சொல்வார். எங்கிருந்து வந்த சொல் என்று கேட்டால் மட்டும், "பழசையெல்லாம் ஏன்யா கிளர்றீங்க?"

கிளறத்தான் வேண்டும்.

இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் அது ஒரு தெரு. கசாப்புக்காரர்களின் கடைத்தெரு. லத்தீனிலிருந்து பழைய ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லுக்கு மணை, சின்ன பெஞ்சு என்றுதான் பொருள். கறியைப் பரப்பிய பலகைக்கு அது பேராச்சு, அப்புறம் சந்தைக்கு. கறி மாட்டிய கொக்கிகளும் அகன்ற சன்னல் பலகைகளும் இன்னும் அங்கே இருக்கின்றன. 1872இல் 25 கறிக்கடைகள். இப்போது ஒன்றுகூட இல்லை, சுற்றுலாக்காரர்களுக்கு மந்திரக்கோல் விற்கிறார்கள். செஸ்டர்ஃபீல்டிலும் உர்ஸ்டரிலும்கூட இதே பேரில் தெரு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் சொல் கொலைக்களத்துக்குப் போனது, 20ஆம் நூற்றாண்டில் வெறும் குளறுபடியானது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 'ஆம்னிஷாம்பிள்ஸ்' என்பதை ஆண்டின் சொல்லாக்கினார்கள்.

"பார்த்தியா, வெள்ளைக்காரனும் கறி வெட்டுறவனை இழிவு பண்ணியிருக்கான், எல்லா ஊரும் ஒண்ணுதான்" என்கிற நண்பர்களோடுதான் என் சண்டை. ஒண்ணு இல்லை தோழர்களே. யார்க் கசாப்புக்காரனுக்குச் சங்கம் இருந்தது. அந்தத் தெருக் கசாப்புக்காரர் ஒருவரின் மனைவி மார்கரெட் கிளிதரோ. கத்தோலிக்கப் பாதிரிகளுக்கு அடைக்கலம் கொடுத்த வழக்கில் வாய் திறக்க மறுத்ததால் 1586இல் நசுக்கிக் கொல்லப்பட்டார். 1970இல் ரோம் அவரைப் புனிதராக்கியது. கறிக்கத்தி குறுக்கே நிற்கவில்லை. கெட்டது பலகையின் பேர். கடையை மூடியவன் பிள்ளையை யாரும் தீட்டு என்று தள்ளி நிறுத்தவில்லை.

அதே அகராதியில் இன்னொரு சொல்: 'பரையா'. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம்மிடமிருந்து கொண்டுபோனது. பறையிலிருந்து பிறந்த பேர். அதற்கு அங்கே பொருள் ஒதுக்கப்பட்டவன். பிடிக்காத நாடு 'பரையா ஸ்டேட்', தெருநாய் 'பரையா டாக்'. இது மணையின் பேர் இல்லை. உயிரோடு இருக்கிற ஜனங்களின் பேர்.

தமிழில் சாதி சொல்லி ஒருவரைப் பொதுவில் இழிவுபடுத்தினால் 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். ஆங்கிலத்தில் எழுதினால் தலையங்கம்.

ஷாம்பிள்ஸ் என்று தாராளமாக எழுதுங்கள் அய்யா. 'பரையா' போட்டு வெளிநாட்டுச் செய்தி எழுதும் சென்னை ஆங்கில நாளிதழ்க்காரரே, உங்கள் ஆபீஸ் எதிர் டீக்கடையில் அந்தப் பேருக்குச் சொந்தக்காரன் உங்கள் பக்கத்திலேயே நின்று டீ குடிக்கிறான். அந்த வாக்கியத்தை அவனிடம் தமிழில் படித்துக் காட்டுங்கள், பார்ப்போம்.