சேவை மனசா, பதவி உயர்வா? ஜாம்பியா போஸ்டர்கள் சொன்ன பதில்

கிராமங்களில் சுகாதார வேலைக்கு ஆள் எடுக்கணும்னா அரசுகள் முதலில் பேசுவது சேவையைப் பற்றித்தான். பதவி உயர்வு, எதிர்காலம்னு விளம்பரம் பண்ணினால் சுயநலக்காரங்கதான் வந்து நிற்பாங்க என்ற பயம்.

இந்தப் பயத்தைக் களத்தில் இறங்கிச் சோதித்தவர்களில் முக்கியமானவர் நவா அஷ்ரஃப், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பேராசிரியர். 2005-ல் ஹார்வர்டில் பிஎச்.டி. முடித்து, அங்குள்ள பிசினஸ் ஸ்கூலில் பாடம் நடத்தியவர். தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் மக்களின் சேமிப்புப் பழக்கத்தை ஆராய்ந்தார். பிறகு ஜாம்பியா.

2010-ல் ஜாம்பியா அரசு, சமுதாய சுகாதார உதவியாளர் என்ற புதிய பணியை உருவாக்கியது. அஷ்ரஃப், ஒரியானா பண்டியேரா உள்ளிட்டோர் அடங்கிய குழு அரசோடு சேர்ந்து 48 மாவட்டங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. பாதி மாவட்டங்களின் போஸ்டரில், உங்கள் ஊருக்குச் சேவை செய்யுங்கள் என்ற அழைப்பு. மீதிப் பாதியில், இந்த வேலையில் சேர்ந்தால் படிப்படியாக மேலே போகலாம் என்ற தகவல். வேலை ஒன்றுதான், சம்பளமும் ஒன்றுதான். சேர்ந்த பிறகு எல்லோருக்கும் ஒரே பயிற்சி. அதனால் பின்னால் தெரிந்த வித்தியாசம், போஸ்டர் யாரை இழுத்து வந்தது என்பதால் வந்ததுதான்.

வித்தியாசம் சின்னது இல்லை. பதவி உயர்வு போஸ்டரைப் பார்த்து வந்தவர்கள் 29 சதவீதம் அதிகமாக வீடு வீடாகப் போனார்கள். அவர்கள் வேலை செய்த இடங்களில் சுகாதார மையத்தில் நடந்த பிரசவங்கள் சுமார் 30 சதவீதம் அதிகம். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எடை குறைந்தவர்களின் விகிதம் சுமார் கால் பங்கு குறைவு.

அப்போ அந்தப் பயம் வெறும் கற்பனையா? அப்படியும் இல்லை. அந்தப் போஸ்டருக்கு விண்ணப்பித்தவர்களில் திறமை இருந்தும் சேவை நாட்டம் குறைந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை வடிகட்டியது தேர்வுக் குழு. இரண்டும் உள்ளவர்களைத்தான் அது எடுத்தது. ஆய்வு 2020-ல் வெளியானபோது 29 சதவீதம்தான் பெரிதாகப் பேசப்பட்டது. என் பார்வையில், அதைவிட முக்கியம் இந்த வடிகட்டல்.

ஏன்னா, உகாண்டாவில் எரிகா டெசெரானோ செய்த ஆய்வில் கதை வேறு. கிராமச் சுகாதார ஊக்குநர் வேலைக்கு, அதிக வருமானம் கிடைக்கும் என்று சொன்ன இடங்களில் நிறையப் பேர் விண்ணப்பித்தார்கள். ஆனால் சேவை மனப்பான்மை உள்ளவர்கள் ஒதுங்கினார்கள். இது காசுக்கான வேலை போல என்று நினைத்திருக்கலாம். சேர்ந்தவர்கள் நிலைத்து நிற்பதும் குறைந்தது. கை நிறையக் காசு என்பதும், உழைத்தால் மேலே வரலாம் என்பதும் ஒரே செய்தி இல்லை.

அஷ்ரஃபின் இன்னொரு ஆய்வும் இங்கே அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஜாம்பியா தலைநகர் லுசாகாவில், சலூன்கள் மூலம் பெண்களுக்கான காண்டம் விற்கப்பட்டது. விற்பனைக்கு ஏற்ப ஸ்டார் ஒட்டும் சார்ட் மாட்டிய கடைகள், மற்ற கடைகளைப் போல சுமார் இரண்டு மடங்கு விற்றன. கமிஷன் கொடுத்த கடைகளையும் மிஞ்சின. ஸ்டிக்கர் போதும், காசு வேண்டாம்னு இதைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். சலூன்காரருக்குக் காண்டம் விற்பது கடையோடு கூடுதலாகச் செய்யும் வேலை. சுகாதார உதவியாளர் மாதம் முழுக்கச் செய்வதே அந்த வேலையைத்தான்.