மரத்தை மறுப்பவர் அண்ணாந்து பார்க்கட்டும்

பௌத்தக் குடைவரைகளும் தோரணங்களும் மரக் கட்டடங்களின் வழிவந்தவை என்பது 19ஆம் நூற்றாண்டுக் கட்டடக்கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் ஃபெர்குசன் கிளப்பிவிட்ட காலனியப் பொய்யாம். சென்ற இதழில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். மரக் கட்டடம் ஒன்றுகூட மிஞ்சவில்லையே, எதைப் பார்த்துச் செதுக்கினார்கள் என்ற கேள்வி வேறு. கேள்வியில் உள்ள மிடுக்கில் பாதியாவது தேடலில் இருந்திருக்கலாம்.

இன்றைய பட்னாவான பாடலிபுத்திரத்தைச் சுற்றி மர அரண் இருந்ததாகக் கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் எழுதினார். பட்னாவின் புலந்திபாக்கில் தோண்டியபோது மர அரணே வெளிப்பட்டது. அது தொலைவு என்றால் லோனாவாலா பக்கம் கார்லேவுக்குப் போகலாம். சைத்தியம் என்னும் வழிபாட்டுக் கூடத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்: வளைந்த கூரை நெடுகத் தேக்குச் சட்டங்கள். அவை எதையும் தாங்கவில்லை. தாங்குவதற்கு என்ன இருக்கிறது, மேலே இருப்பது மலை! தூபியின் உச்சியிலும் மரக்குடைதான். பக்கத்தில் பாஜா குகையில் தூண்கள் உட்புறம் சாய்ந்து நிற்கின்றன. வளைந்த மரக்கூரை தூண்களை வெளியே தள்ளும் என்பதால் தச்சர் அவற்றை உள்நோக்கிச் சாய்த்து நடுவார். பாறைக்குள் தள்ளுவதற்கு ஆளே இல்லை, சாய்வு மட்டும் வந்திருக்கிறது. இதற்குக் கட்டுரையாளர் தரும் விளக்கம் ‘அலங்காரம்’ என்ற ஒற்றைச் சொல்.

அஜந்தாவின் 10ஆம் குகையில் அந்தச் சொல்லும் கைகொடுக்காது. நடுக்கூடத்துக் கூரைக்கு மரச்சட்டங்கள் பொருத்தினார்கள். பக்க நடைகளில் அதே சட்டங்களைப் பாறையிலேயே செதுக்கினார்கள். 5ஆம் நூற்றாண்டின் 19ஆம் குகைக்கு வந்தால் எல்லாமே கல். சாஞ்சி தூபியின் வேலியிலோ கல்தூணில் துளை போட்டுக் குறுக்குக் கற்களைச் செருகியிருக்கிறார்கள். கல்லை அடுக்கத் தெரிந்தவருக்கு இது வேண்டாத உழைப்பு. தச்சருக்கோ அன்றாட வேலை.

ஃபெர்குசன் தவறியது வேறிடத்தில். இந்தியர் கல்லில் கட்டக் கற்றது கிரேக்கத் தொடர்பால் என்றார். வங்க அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா அதை எதிர்த்தது நியாயம். நம்மவர் அந்தப் பழைய சண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தச்சரையும் சேர்த்து விரட்டுகிறார். மரம் என்றால் தாழ்வு, கல் என்றால் உயர்வு என்ற கணக்கு யாருடையது? ஃபெர்குசனை ஏசிக்கொண்டே அவர் அளவுகோலைத்தான் பிடித்திருக்கிறார். கிரேக்கக் கோயில்களின் கல் அலங்காரம் மரவேலையிலிருந்து வந்தது என்று ரோமானியரான விட்ருவியஸே எழுதிவைத்தார். அதற்காக பார்த்தினானைப் பார்த்து யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

மரத்தின் சாயல் என்றால் கண்மூடித்தனமான நகல் என்று இவருக்கு யார் சொன்னது? தச்சர் தரையிலிருந்து கூரைக்குப் போவார். குடைவரைக்காரர் கூரையில் தொடங்கித் தரைக்கு இறங்குவார். முழு வேலையையும் தலைகீழாக்கிக்கொண்டு ஒரு சட்டத்தைக்கூட இடம் மாறாமல் வைத்தவருக்கு மரமும் தெரியும், கல்லும் தெரியும்.

இன்னொன்று. சாஞ்சியின் தெற்குத் தோரணத்தில், அதைச் செதுக்கியவர்கள் விதிசையின் தந்தவேலைக்காரர்கள் என்று கல்வெட்டே இருக்கிறது. மரத்தை மறுத்து முடித்தவர் அடுத்து தந்தத்தையும் மறுத்தாக வேண்டும். அதற்குக் கட்டுரை போதாது, அந்தக் கல்வெட்டையே சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.